கைதட்ட மறுத்த கூட்டம்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

படிப்பகத்தின் ஆண்டு விழா என்றால், எத்தனை நூல்கள் வந்தன, எத்தனை பேர் படித்தனர் என்று கணக்குக் காட்டுவது வழக்கம். கணக்கைச் செயலாளர் காட்டிவிட்டார். கணக்கோடு ஒரு கவலையையும் காட்டினார். "இளைஞர்கள் வருகிறார்கள், வருகைக்குக் குறைவில்லை. ஆனால், வருகிறவர்கள் நம் அலமாரியில் இருக்கும் கொள்கை நூல்களைத் தொடுவதில்லை. தங்கள் பையிலிருந்து தடித்த ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மூழ்கிவிடுகிறார்கள். நாளைய உலகில் நடக்கும் கதையாம்! பிள்ளைகளை ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதை வேடிக்கை பார்க்கும் அரசாங்கமாம்! படித்து முடித்துவிட்டு மணிக்கணக்கில் அதைப் பற்றியே பேசுகிறார்கள். இந்த மோகத்தை எப்படி மாற்றுவது?" என்று கேட்டார்.

எப்படி மாற்றுவது என்று நான் சொல்லப்போவதில்லை. ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கப்போகிறேன். கவலைப்பட்டவரைக் குறைகூற அல்ல, கவலை நல்லது. இளைஞர் எதைப் படிக்கிறார்கள் என்று கவலைப்படாத இயக்கம், நாளைக்கு யார் தன் கொடியைப் பிடிப்பார்கள் என்றும் கவலைப்படாத இயக்கமாகும். ஆனால், கவலைப்படுவதற்கு முன்னால் அந்தப் புத்தகத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுவது முறையல்லவா?

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். என் பெயருக்குப் பின்னால் பட்டம் இல்லை. பெற்ற அறிவு எதுவாயினும் அது இதுபோன்ற படிப்பகங்களின் பெஞ்சிலே உட்கார்ந்து பெற்றது. கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். ஆகவே, 'இதைப் படி, அதைத் தொடாதே' என்று ஓர் இளைஞனிடம் சொல்ல எனக்கு நா எழாது. நாடகம் எழுதுவது என் தொழில். தொழில் தந்த பழக்கத்தால், எந்தக் கதையைக் கண்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: பார்த்தவன், படித்தவன், எழுந்து வீட்டுக்குப் போகும்போது நெஞ்சிலே எதை எடுத்துக்கொண்டு போகிறான்? அந்தக் கேள்வியை இந்தக் கதைகளிடம் கேட்டுப் பார்ப்போம்.

இவ்வகைக் கதையை ஆங்கிலத்தில் 'டிஸ்டோப்பியா' என்கிறார்கள். 1516ஆம் ஆண்டு தாமஸ் மோர் 'யுட்டோப்பியா' என்ற நூலை எழுதினார். எங்கும் இல்லாத இன்ப நாடு ஒன்றைக் காட்டினார். அதற்கு நேர் எதிரானது இது: இருண்ட நாடு, கொடுமையே சட்டமாகிவிட்ட நாடு. இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. அரசியல் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு. 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாராளுமன்றத்திலே, அயர்லாந்து உழவர்களின் நிலச் சிக்கலில் அரசு நடந்துகொண்ட முறையைச் சாடி எழுந்தார் ஜான் ஸ்டூவர்ட் மில். அந்தக் கொள்கையை ஆதரிப்போரை யுட்டோப்பியர் என்பது தகாது, டிஸ்டோப்பியர் என்பதே தகும் என்று இடித்துரைத்தார். ஆகவே, 'இது வெறும் சிறுவர் கதைப் பெயர்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். மாமன்றத்திலே ஆளுங்கட்சியைக் குத்திக் காட்டிய சொல் அது!

பின்னர் 1932இல் ஆல்டஸ் ஹக்ஸ்லி எழுதினார். 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் எழுதினார். அவை முதியோருக்கான நூல்கள். ஆர்வெலின் கதையில் நாயகன் கடைசியில் நொறுக்கப்படுகிறான். தன்னை நொறுக்கியவனையே நேசிக்கத் தொடங்குகிறான். படித்தவன் அச்சத்தோடு எழுந்து போகிறான். இளைஞருக்கென்று எழுதியவர்கள் அந்தப் பாதையில் போகவில்லை. 1993இல் லோய்ஸ் லோரி 'தி கிவர்' எழுதினார். அங்கே பசி இல்லை, போர் இல்லை. நிறமும் இல்லை, நினைவும் இல்லை. 12 வயதில் ஒவ்வொரு குழந்தைக்கும் 'உனக்கு இன்ன தொழில்' என்று பெரியவர்கள் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். 2011இல் வெரோனிகா ராத் 'டைவர்ஜென்ட்' எழுதினார். அங்கே 16 வயதில் ஒரு சோதனை. சோதனை முடிந்ததும் ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். தேர்ந்தபின் தாய் ஒரு பிரிவு, மகள் ஒரு பிரிவு.

இதை ஏன் இளைஞர் இத்தனை ஆர்வத்தோடு படிக்கிறார்கள் என்று வியக்கிறோமே, இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? 12 வயதில் ஒரு தேர்வு, 16 வயதில் ஒரு தேர்வு, 18 வயதில் ஒரு தேர்வு. ஒரு மதிப்பெண் குறைந்தால் ஒரு வாசல் மூடும். இரண்டு குறைந்தால் இரண்டு வாசல் மூடும். வாசலை மூடுகிறவனின் முகம் மட்டும் தெரியாது. இப்படி வாழ்கிற பிள்ளைக்கு இந்தக் கதை கற்பனையாகத் தோன்றுமா? தன் பள்ளிக்கூடத்தையே சற்றுப் பெரிதாக்கிக் காட்டியதாக அல்லவா தோன்றும்! நமக்கு அது நாளைய உலகின் கதை. அவர்களுக்கு அது நேற்றைய வகுப்பறையின் கதை.

இந்தக் கதைகளிலே மிகப் பெரும் புகழ் பெற்றது 'தி ஹங்கர் கேம்ஸ்', அதாவது பசி விளையாட்டு. எழுதியவர் அமெரிக்கரான சூசன் காலின்ஸ். முதல் நூல் 2008இல் வந்தது. 2009இலும் 2010இலும் அடுத்த இரண்டு நூல்கள் வந்தன. உலகெங்கும் 10 கோடிக்கு மேற்பட்ட படிகள் பரவிய கதை. 2025 மார்ச்சில் அதே வரிசையில் ஒரு புதிய நூல் வந்தபோது, முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் மட்டும் 15 இலட்சம் படிகள் விற்றன. 2008இல் 15 வயதில் படித்தவர் இன்று முப்பதைத் தாண்டிவிட்டார். இன்றும் 15 வயதுப் பிள்ளைகள் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறார்கள். வந்த வேகத்தில் வற்றிப்போகும் வெள்ளம் அல்ல இது.

சூசன் காலின்ஸ் வியட்நாம் போருக்குச் சென்று திரும்பிய ஒரு விமானப்படை வீரரின் மகள். குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதிவந்தவர். ஓர் இரவு தொலைக்காட்சியின் அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு பக்கம் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சி. மறு பக்கம் இராக் போர்க்களக் காட்சி. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாமல் இரண்டும் கலந்துபோயின. அந்தக் கலக்கத்திலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தோற்றுப்போன ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் அரக்கனுக்கு இரையாக அனுப்பிய கிரேக்கப் பழங்கதையும் அதில் கலந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேனம் என்று ஒரு நாடு. இலத்தீன் மொழியிலே ரொட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. மக்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் கொடுத்துவிட்டால் உரிமை கேட்கமாட்டார்கள் என்ற பழைய ரோமாபுரியின் நிலையைச் சுட்டும் பெயர். நடுவிலே செல்வம் கொழிக்கும் தலைநகர். சுற்றிலும் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒன்று தானியம் விளைவிக்க, ஒன்று நெசவு நெய்ய, ஒன்று நிலக்கரி வெட்ட என்று ஒவ்வொரு மாவட்டமும் உழைக்கும், தலைநகர் உண்ணும். ஒரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்தன, அடக்கப்பட்டன. அந்தக் கிளர்ச்சிக்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை, ஆக 24 பேரைக் குலுக்கலில் எடுத்து ஒரு களத்திலே விடுவார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு மிஞ்சும்வரை கொலை நடக்கும். அதை நாடு முழுவதும் கண்கொட்டாமல் பார்த்தாக வேண்டும். அது சட்டம்!

இனி நான் சொல்லப்போவதைக் கூர்ந்து கேளுங்கள். இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. 12 வயதில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் எழுதிக் குடத்தில் போடப்படும். 13 வயதில் இரண்டு சீட்டு. 18 வயதில் ஏழு சீட்டு. ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் இதே விதி என்று தோன்றுகிறதா? இதோ அடுத்த விதி: வீட்டில் பட்டினியா? கூடுதலாக ஒரு சீட்டில் உன் பெயரை எழுதிப் போடு. ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு அரைவயிற்றுக்கான தானியமும் எண்ணெயும் தருகிறோம். வீட்டில் எத்தனை பேரோ, அத்தனை சீட்டு எழுதிக்கொள்ளலாம். எழுதிய சீட்டு மறு ஆண்டும் குடத்திலேயே கிடக்கும்; அதன்மேல் புதிய சீட்டும் சேரும்.

கதைத் தலைவி காட்னிஸ், வயது 16. தாய், தங்கை, தான் என மூவருக்காக ஆண்டுதோறும் மூன்று கூடுதல் சீட்டு. ஐந்து ஆண்டுகளில் அவள் பெயர் 20 சீட்டில். அவளுடைய நண்பன் கேல், வயது 18. குடும்பத்தில் ஐவர். அவன் பெயர் 42 சீட்டில். பசியறியாத வீட்டுப் பிள்ளையின் பெயரோ, அதே 18 வயதில், ஏழே சீட்டில்! குடம் ஒன்றுதான், குலுக்கும் கை ஒன்றுதான், 'எங்கள் குலுக்கலிலே ஓரவஞ்சனை இல்லை' என்று அரசு அறிவிக்கலாம். அறிவிப்பில் பொய் இல்லை. ஆனால், பசித்தவன் பெயர் 42 முறை, புசித்தவன் பெயர் ஏழு முறை!

வாய்ப்பு எல்லாருக்கும் சமம் என்று சொல்லிக்கொண்டே வறியவனை வீழ்த்துவது எப்படி என்பதை, நாம் மேடையிலே ஒரு மணி நேரம் பேசி விளக்குகிறோம். இந்த அம்மையார் ஒரு சீட்டுக் கணக்கிலே 12 வயதுப் பிள்ளைக்கு விளக்கிவிட்டார். அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவைப் பார்க்கும்போது என்ன நினைக்கும்? சாக்கடைக் குழிக்குள் இறங்கி மூச்சடைத்துச் சாகிறவனின் பெயர் எந்தக் குடத்தில், எத்தனை சீட்டில், எத்தனை தலைமுறையாக எழுதிப் போடப்பட்டிருக்கிறது என்று கேட்குமா, கேட்காதா? கேட்கும். பக்கத்தில் யாரேனும் இருந்து கேட்கத் தூண்டினால் உறுதியாகக் கேட்கும். அந்த 'யாரேனும்' நாமாக இருக்க வேண்டாமா?

அடுத்த காட்சிக்கு வருகிறேன். குலுக்கல் நாள். மாவட்ட மக்களைத் திடலிலே நிறுத்தியிருக்கிறார்கள். முதல் பெயர் வாசிக்கப்படுகிறது. காட்னிஸின் தங்கை, 12 வயதுக் குழந்தை, குடத்தில் ஒரே சீட்டு, அந்தச் சீட்டே வந்துவிட்டது. அக்காள் முன்னே பாய்கிறாள், 'என்னை எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறாள். தலைநகரிலிருந்து வந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளி மகிழ்ச்சி பொங்க, கூட்டத்தைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறாள். கூட்டம் கைதட்டவில்லை. ஒருவர்கூடத் தட்டவில்லை! மௌனமாக நிற்கிறது. பிறகு முதலில் ஒருவர், அடுத்து மற்றொருவர், பின் எல்லாரும், இடக்கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து, அவளை நோக்கி நீட்டுகிறார்கள். இறந்தவருக்கு விடைகொடுக்கும்போது அந்த ஊரார் செய்யும் பழைய வழக்கம் அது. நன்றி என்றும், உன்னை மதிக்கிறோம் என்றும், போய் வா என்றும் பொருள்படும் வழக்கம்.

ஒரு நாடகக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: கைதட்டல் எங்களுக்கு உயிர். வசனத்துக்கு வசனம் அதை எதிர்பார்த்துத்தான் எழுதுகிறோம். ஆனால், கைதட்டாமல் நிற்கும் கூட்டத்தின் வலிமையை இந்தக் காட்சியிலேதான் கண்டேன். அடிமைப்பட்டவன் செய்யக்கூடிய முதல் அரசியல் செயல் ஆயுதம் எடுப்பதல்ல. தன் அடிமைத்தனத்துக்குத் தானே கைதட்ட மறுப்பது! இரண்டாவது நூலிலே, மற்றொரு மாவட்டத்து மக்கள் இதே மூன்று விரலை உயர்த்துகிறார்கள். அதைத் தொடங்கிவைத்த முதியவரை அங்கேயே சுட்டு வீழ்த்துகிறார்கள். விரலுக்கு விலை குண்டு!

'இதெல்லாம் கதையிலேதானே நடக்கும்?' என்பீர்கள். இல்லை, தோழர்களே! நாட்டிலே நடந்தது, நம் காலத்திலே நடந்தது.

2014 மே 22ஆம் நாள் தாய்லாந்திலே படைத்தலைவர் பிரயுத் சான்-ஓ-சா ஆட்சியைக் கைப்பற்றினார். ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ அரசியல் நோக்கத்தோடு கூடக் கூடாது என்று ஆணை பிறந்தது. பேச முடியாது, எழுத முடியாது, முழக்கமிட முடியாது. அடுத்த சில நாட்களிலேயே பாங்காக் நகரத் தெருவிலே இளைஞர்கள் வாய் திறவாமல் மூன்று விரலை உயர்த்தி நின்றார்கள். சிலர் பொது இடத்திலே ஆர்வெலின் நூலைக் கையில் ஏந்தி அமைதியாகப் படித்துக்கொண்டு நின்றார்கள். படைவீரர் என்ன செய்வது? விரலைக் கைது செய்வதா, புத்தகத்தைக் கைது செய்வதா? கூட்டமாகக் கை உயர்த்தி, இறக்க மறுத்தால் கைது என்று அறிவித்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், கோன் கேன் நகரத்திலே பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது, மாணவர் ஐவர் அவர் எதிரிலேயே எழுந்து நின்று மூன்று விரலை உயர்த்தினார்கள், பிடித்துச் செல்லப்பட்டார்கள். மறுநாள் பசி விளையாட்டுக் கதையின் மூன்றாவது திரைப்படம் பாங்காக்கில் வெளியானது. நகரின் சில கொட்டகைகளில் அந்தப் படத்தின் காட்சிகள் இரத்தாயின. எண்ணிப் பாருங்கள்! பீரங்கி வைத்திருப்பவன், பிள்ளைகளின் கதைப் படத்தைக் கண்டு அஞ்சினான்! 2020இலே தாய்லாந்தின் பள்ளிப் பிள்ளைகளே காலைக் கொடியேற்றத்தின்போது சீருடையோடு நின்று மூன்று விரலை உயர்த்தினார்கள். முடியை எப்படி வெட்ட வேண்டும் என்பது முதல் எதைப் பேசக் கூடாது என்பது வரை ஆணையிட்ட பள்ளிக்கூடத்தின் முற்றத்திலேயே அந்தக் கைகள் எழுந்தன.

எல்லை தாண்டி மியான்மருக்கு வாருங்கள். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் அங்கும் படையினர் ஆட்சியைப் பறித்தனர். மருத்துவமனை ஊழியர்கள் மூன்று விரலை உயர்த்தினர், மாணவர் உயர்த்தினர், தொழிலாளர் உயர்த்தினர். பிப்ரவரி 26ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையிலே மியான்மரின் தூதர் கியாவ் மோ துன் எழுந்து, தன் நாட்டுப் படையாட்சிக்கு எதிராகவே பேசி, முடிவில் அதே மூன்று விரலை உயர்த்தினார். மறுநாள் படையாட்சி அவரைப் பதவிநீக்கம் செய்ததாக அறிவித்தது. அதன்பின் அந்நாட்டிலே ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். கதைக்காரி கற்பனையில் எழுதிய விலை, உண்மையிலே கொடுக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்னதால், 'ஆகா, இந்தப் புத்தகத்தைப் படித்தாலே புரட்சி வந்துவிடும்' என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். தாய்லாந்திலே கை உயர்ந்ததற்குக் காரணம் புத்தகம் அல்ல; பறிபோன உரிமை. உரிமை பறிபோனவனுக்குப் புத்தகம் ஓர் அடையாளத்தைக் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த அடையாளத்தை எடுத்துக்கொள்ளாமல், பார்த்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் கோடிக்கணக்கில் உண்டு. அவர்களையும் பேசத்தான் வேண்டும்.

தலைநகரத்தாரின் ஆடம்பரத்தை, முகப்பூச்சை, பகட்டைக் கண்டு அருவருக்கும்படி எழுதப்பட்ட கதை இது. 2013இல் இரண்டாவது படம் வந்தபோது, அமெரிக்காவின் கவர்கேர்ள் நிறுவனம் அந்தத் தலைநகரின் பெயரிலேயே முகப்பூச்சு வரிசை ஒன்றை விற்பனைக்கு விட்டது! தென் கொரியாவிலிருந்து 2021இல் வந்தது 'ஸ்க்விட் கேம்' என்ற தொடர். கடன்பட்டவர்களை உயிர்ப் பந்தயத்தில் இறக்கி, செல்வர்கள் வேடிக்கை பார்க்கும் கொடுமையைச் சாடியது. 2023இல் அதே பெயரில், 456 உண்மை மனிதர்களை வைத்து, 45 இலட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசுக்குப் போட்டி நிகழ்ச்சி நடத்தி ஒளிபரப்பினார்கள். உயிர் போகவில்லை, ஆனால் வேடிக்கை பார்க்கும் நாற்காலி அதேதான். வேடிக்கையைக் கண்டித்த கதையையே வேடிக்கையாக்கி விற்றுவிட்டது வணிகம்!

இன்னொன்றும் கேளுங்கள். கதையிலே ரூ என்று 12 வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். அவள் சாவுக்கு அழாத வாசகர் இல்லை என்பார்கள். அவள் கரும்பழுப்பு நிறத்தவள் என்று நூலிலேயே எழுதியிருக்கிறது. 2012இல் படம் வந்தபோது, அந்தப் பாத்திரத்தில் கறுப்பினச் சிறுமி நடித்ததைக் கண்டு, அந்நூலை விரும்பிப் படித்தவர்களிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். நிறம் தெரிந்ததும் இரக்கம் குறைந்துவிட்டது என்று சமூக வலைத்தளத்தில் வெளிப்படையாக எழுதினார்கள். கொடுங்கோலை எதிர்க்கும் கதையைப் படித்துக் கண்ணீர் விட்டவர் நெஞ்சிலே, கொடுங்கோலின் வேர் அப்படியே கிடந்தது! படிப்பு மட்டும் போதாது. படித்ததைப் பேச வேண்டும், பேசியதைத் தன் மீதே பொருத்திப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி, கதையின் முடிவுக்கு வருகிறேன். இதை நம் தோழர்கள் எல்லாரும், குறிப்பாக மேடையில் அமர்ந்திருக்கும் நாங்கள், கேட்க வேண்டும். மூன்றாவது நூலிலே புரட்சி வெல்கிறது. கொடியவன் ஸ்னோ கைதாகிறான். புரட்சிப் படையின் தலைவி காயின் ஆட்சிக்கு வருகிறாள். வந்தவள் என்ன செய்கிறாள்? 'இன்னும் ஒரே ஒரு முறை பசி விளையாட்டு நடத்துவோம். இம்முறை தலைநகரத்தாரின் பிள்ளைகளைக் களத்தில் இறக்குவோம்' என்கிறாள்! பழைய கொடியவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றும் நாளிலே, காட்னிஸ் வில்லை வளைக்கிறாள். அம்பு பழைய கொடியவன் மீது பாயவில்லை; புதிய தலைவியின் மீது பாய்கிறது.

அரசியல் கொலையைப் போற்றிப் பேசுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அம்பை விட்டுவிடுங்கள், அது எழுப்பும் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆட்டத்தை ஒழிக்க வந்தவர்கள், ஆட்டக்காரரை மட்டும் மாற்றினால் போதுமா? இந்தக் கேள்வி புதிதல்ல. ரஷ்யாவிலே யெவ்கெனி சம்யாத்தின் என்றொரு எழுத்தாளர் இருந்தார். ஜார் மன்னன் காலத்தில் போல்ஷெவிக்காக இருந்து சிறை சென்றவர். புரட்சி வென்றபின், 1920, 1921ஆம் ஆண்டுகளில் 'நாம்' என்ற புதினத்தை எழுதினார். மனிதர் பெயரிழந்து எண்ணாகிப்போன ஒரு நாளைய நாட்டைக் காட்டினார். அந்த நூல் 1924இல் ஆங்கிலத்தில் வந்தது. எழுதியவரின் சொந்த நாட்டிலே வெளிவந்த ஆண்டோ 1988! புரட்சிக்காகச் சிறை சென்றவனின் எச்சரிக்கையைப் புரட்சியின் பெயரால் அமைந்த அரசே அறுபது ஆண்டுகளுக்கு மேல் பூட்டிவைத்தது.

ஆகவே, இந்தக் கதையைப் படிக்கும் இளைஞன் எதிரியை மட்டும் எடைபோடமாட்டான், நம்மையும் எடைபோடுவான். 'உங்கள் கட்சியிலே தலைவர் தவறினால் யார் சொல்வது? நீங்கள் கைதட்டுவது கொள்கைக்கா, ஆளுக்கா? நீங்கள் ஆட்சிக்கு வந்தால் குடத்தை உடைப்பீர்களா, சீட்டிலுள்ள பெயரை மட்டும் மாற்றுவீர்களா?' என்று கேட்பான். செயலாளரின் கவலைக்குள்ளே இந்த அச்சமும் சற்று ஒளிந்திருக்கிறதோ என்று நான் ஐயுறுகிறேன். அஞ்ச வேண்டாம், தோழர்களே! இப்படிக் கேட்கிறவனை இழந்துவிட்டால், கேட்காதவன் மட்டுமே நம்மிடம் மிஞ்சுவான். கேட்காதவர்களால் மட்டும் ஆன கட்சி, எத்தனை பெரிய ஊர்வலம் நடத்தினாலும், வேடிக்கைக் கூட்டமேயன்றி இயக்கமாகாது.

என்ன செய்யலாம் என்று சொல்லி முடிக்கிறேன். இந்தக் கதைகளை ஒளித்துப் படிக்கும் நிலை நம் படிப்பகத்தில் வேண்டாம். அலமாரியில் ஒரு தட்டை அவற்றுக்கு ஒதுக்குங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, படித்த பிள்ளைகளை அழைத்து, கதையைத் தமிழிலே சொல்லச் சொல்லுங்கள். ஆங்கிலம் அறியாத தோழர்களும், வேலை முடிந்து வரும் உழைப்பாளிகளும் உட்கார்ந்து கேட்கட்டும். அன்று நாம் பேச வேண்டாம், அவர்கள் பேசட்டும். மகள் படிக்கிற புத்தகத்தை 'என்னம்மா கதை அது?' என்று தந்தையாகிய தோழர் ஒரு முறை கேட்கட்டும். பிள்ளைகள் சொல்லி முடித்தபின் ஒரே ஒரு கேள்வியை நடுவில் வையுங்கள்: 'நம் ஊரிலே யார் பெயர் குடத்தில் அதிகம் கிடக்கிறது?' விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓராண்டு எழுதிவந்தால், நாம் எந்தத் தெருவில், எந்த வாசலில் போய் நின்று வேலை செய்ய வேண்டும் என்ற பட்டியல் அந்தக் குறிப்பேட்டிலேயே இருக்கும். அதன்பின் அலமாரியின் மற்றத் தட்டுகளில் இருக்கும் கொள்கை நூல்களை நீங்கள் எடுத்து நீட்ட வேண்டியதில்லை. அவர்களே தேடி எடுப்பார்கள்.

அடுத்த ஆண்டு விழாவில், எத்தனை பேர் படித்தனர் என்ற கணக்கோடு, எத்தனை பேர் கேள்வி கேட்டனர் என்ற கணக்கையும் செயலாளர் காட்டட்டும். அதைக் கேட்க நான் மீண்டும் வருவேன்.